இடது பக்கம் நின்றதாகச் சொன்னேன்

மே 7, புதன்

இன்றைக்குக் கடையில் வளைந்த பிரேம்களின் திருவிழா. கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "தானா வளைஞ்சிடுச்சுங்க." தானாக எப்படி வளையும்? மேலே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். நான் சிரித்துக்கொண்டே இடுக்கியை எடுத்து நிமிர்த்திக் கொடுத்தேன். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பழகிப்போன பொய் இது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாத்தனார் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமை பூந்தோட்டப் பக்கம் சைக்கிள்ல போறீங்களாமே, நானும் வரட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார். "கூட்டிட்டுப் போயேன். அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." தங்கச்சி என்றால் இவருக்கு மனசு உருகிவிடும். எனக்கென்ன, வரட்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரு சலிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான் எனக்கென்று இருப்பது.

கல்யாணம் முறிந்து வந்து எங்கள் மாடி அறையில் தங்கியவள், யாரும் சொல்லாமலே வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு மழலையர் பள்ளியில் வேலையும் வாங்கிவிட்டாள். அவ்வளவு பெரிய வேனைச் சந்துக்குள் அநாயாசமாக ரிவர்ஸ் எடுப்பாள். சைக்கிளில் ஏற்றிவிட்டால் மட்டும் எதிரில் வரும் நாய்க்கும் இறங்கி நின்று வழிவிடுவாள்.

சாப்பிடும்போது எங்கள் சைக்கிள் குழுவின் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். யாரும் போனைப் பார்த்து ஓட்டக் கூடாது. திருப்பம் வந்தால் முன்னால் போகிற கேப்டன் (பல் டாக்டர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர்) ஒரு ஆளை அந்த மூலையில் நிறுத்திவிட்டுப் போவார். அந்த ஆள் கையை நீட்டி எல்லாரையும் திருப்பிவிட வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் வருவார். அவருக்குப் பேர் வால். வால் வந்து சேரும்வரை மூலை ஆள் அசையக் கூடாது. மூலையில் ஆள் இல்லை என்றால், நேராகப் போ என்று அர்த்தம்.

"ஆள் இருந்தா திரும்பணும், இல்லன்னா நேரா. இவ்ளோதானே? எங்க பள்ளிக்கூடத்து வாண்டுங்களே பண்ணிடுமே அண்ணி."

மே 10, சனி

கத்தரிப்பூ நிறத்தில் புது சைக்கிள் சட்டை வாங்கினேன். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

பூக்கள் நன்றாக இருந்தன. நாத்தனார் வழிதவறிப் போய்விட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி பத்திரமாக வந்து சேர்ந்தாள். நான் மூலையில் நின்றேன். அவள்தான் கவனிக்காமல் நேராகப் போயிருக்கிறாள்.

உடம்பெல்லாம் வலி. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 12, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். சீ! என் நோட்டுலயே பொய் எழுதறேன். யாருக்காக? இதை யார் படிக்கப் போறாங்க?

நான் நிற்கவில்லை. இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

போகும்போது முதலில் சூரியகாந்தித் தோட்டம், அப்புறம் கிளாடியோலஸ், அதற்கப்புறம் டாலியா. முதல் இரண்டு தோட்டத்திலும் நாத்தனார் இறங்கிவிட்டாள். மோந்து பார்ப்பதும், வேலை செய்கிறவர்களிடம் கதை கேட்பதும்தான். கிளாடியோலஸ் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேசிவிட்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்துகிறாள்: "அண்ணி! மொட்டா இருந்தாதான் வாங்குவாங்களாம்! விரிஞ்சுட்டா தூக்கிப் போட்டுருவாங்களாம்! என்ன அநியாயம் பாருங்க!" முன்னால் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. புதுச் சட்டையும் நானுமாக, ராக்கெட்டோடு சேர்ந்து முன்வரிசையில் போக வேண்டியவள் நான். (ராக்கெட் பாங்கில் அதிகாரி. எங்கள் குழுவிலேயே வேகமான ஆள். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாது. வயது நாற்பத்தாறு எனக்கு.) நான் நாத்தனாரை விட்டுவிட்டு வேகமாக மிதித்தேன். வால் கூட வருகிறாரே, பார்த்துக்கொள்வார் என்று.

டாலியாத் தோட்டத்துக்கு இடதுபுறம் திரும்ப வேண்டும். நேராகப் போனால் வாய்க்கால் கரை, அதைத் தாண்டி எங்கேயோ போகிறது. கேப்டன் என்னைப் பார்த்து, "நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நின்றேன். கையை நீட்டி ஒவ்வொருவராகத் திருப்பிவிட்டேன். அப்புறம் சாலை காலியாகிவிட்டது. நாத்தனார், அவளுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி, வால். இவர்கள்தான் பாக்கி.

தோட்டத்துக்குள்ளிருந்து ராக்கெட் கையாட்டினாள். முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் சிவப்பு டாலியாவுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். "வாங்க! வெளிச்சம் சூப்பரா இருக்கு! ஒரே ஒரு போட்டோ!"

போனேன். அவ்வளவுதான். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரே ஒரு போட்டோ என்றவள் குதித்து ஒன்று, உட்கார்ந்து ஒன்று, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒன்று என்று எடுத்துத் தள்ளினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டு சிரித்தேன். முடிந்ததும் ஓடிப்போய் மூலையில் மறுபடி நின்றேன், கையை நீட்டிக்கொண்டு.

அந்தத் தம்பதியின் சைக்கிளில் செயின் அறுந்து, அவர்களுக்கு உதவி செய்ய வால் பின்னால் நின்றிருக்கிறார். நாத்தனாரிடம், "நீங்க போங்கம்மா, மூலைல உங்க அண்ணி நிப்பாங்க" என்று சொல்லி முன்னால் அனுப்பியிருக்கிறார். அவள் வந்தாள், மூலையில் ஆள் இல்லை, நேராகப் போனாள். நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்.

வால் வந்து சேர்ந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். "உங்க நாத்தனாரம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டார். நான் அவளைப் பார்க்கவே இல்லை. "ம்" என்றேன்.

தோட்டத்துக் கொட்டகையில் எல்லாரும் டீ குடிக்கிறார்கள், அவளை மட்டும் காணோம். கேப்டன் அவள் நம்பருக்கு அடித்தார். என் பைக்குள் மணி அடித்தது. அவள் பாவாடையில் பை இல்லை என்று போனை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். கடவுளே, அந்த மணி!

மத்தியானம் தாண்டி ஒரு பூ லாரியில் வந்து இறங்கினாள். பஞ்சரான சைக்கிள் மேலே, கிளாடியோலஸ் வாளிகளுக்கு நடுவில் இவள், முழங்கையில் யாரோ கட்டிவிட்ட கைக்குட்டை. முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. ஆனால் ஒரே சிரிப்பு. "ஊர்வலமா வந்தேன் பாத்தீங்களா! வாய்க்கால்ல விழுந்து எந்திரிச்சு, வழில ஒரு ஈ காக்கா இல்ல!"

அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம். கேப்டன்தான், "எப்படி நேரா போனீங்க? மூலைல ஆள் இல்லையா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராக்கெட்டும் பார்த்தாள்.

"நான் நின்னேனே! இவதான் பாக்காம போயிட்டா" என்றேன்.

நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள். "நின்னீங்களா அண்ணி?"

"நின்னேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

எவ்வளவு சரளமாக வந்தது! நாக்கு கூசவில்லை. கேட்டாள் என்றால் உடனே ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டுமா? தெரியல என்று சொல்லியிருக்கக் கூடாதா?

மே 14, புதன்

வால் வந்தார். கையில் இரண்டு ரொட்டி, இன்னும் சூடு ஆறவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "என் தப்புதாங்க. அந்தம்மாவைத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது. புதுசா வந்தவங்க" என்றார். நல்ல பருமனான ஆள், குரல் மட்டும் குழந்தை மாதிரி இருக்கும். மஞ்சள் சட்டையைக் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "இனிமே வேற யாராவது இருக்கட்டும். எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"பரவாயில்லைங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

மன்னித்தேனாம்! நான் அவரை மன்னித்தேனாம்! அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ரொட்டி மேசை மேலேயே கிடக்கிறது. இவரும் நாத்தனாரும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

மே 16, வெள்ளி

கூடத்து நடுவில் நாத்தனார் சிலை மாதிரி நிற்கிறாள். பார்வை எதிர்ச்சுவரில். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னடி இது, பறக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"இடது கை விரல் எனக்குக் கொஞ்சம் லேட்டா தெரியுது அண்ணி."

அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மாமனாருக்குக் கண் அழுத்த நோய். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே அவருக்குப் பாதிப் பார்வை போயிருந்தது. அந்த நோய் நேரே இருப்பதை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். பக்கத்தில் ஆள் நிற்பார்கள், அவருக்குத் தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். அப்பா முதலில் என்ன செய்தார் தெரியுமா என்று நாத்தனார் இன்றைக்குச் சொன்னாள், எனக்கே தெரியாத கதை: "கடைத்தெருவுல பெரியப்பா நின்னு கையாட்டியிருக்கார். அப்பா பாக்காம தாண்டிப் போயிட்டாராம். பெரியப்பா திமிருன்னு நெனச்சு ஒரு வருஷம் பேசல. அவர் நின்னது இடது பக்கம் அண்ணி."

வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிடலாம். சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, வெயில்ல களைச்சிருப்ப" என்றேன்.

"பட்டப்பகல் அண்ணி. நீங்க கத்தரிப்பூ கலர் சட்டை வேற போட்டிருந்தீங்க."

மே 17, சனி

குழுவில் போட்டோ வந்திருக்கிறது. நாத்தனார் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எவ்ளோ அழகா இருக்கீங்க" என்றாள்.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "நீங்கதானே கண்ணு டிபார்ட்மென்ட், கூட வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பயந்துபோய் வருகிறவர்கள் இதில் சரியாகச் செய்ய மாட்டார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவளும் அப்படித்தான். வெளிச்சம் வராதபோதெல்லாம் அமுக்கினாள், வந்தபோது தவறவிட்டாள். விரல் வெளுக்கிற அளவுக்கு அந்தப் பொத்தானைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் சொன்னார்: "அழுத்தம் நார்மல்தான். நரம்பும் பரவாயில்ல. ஆனா இந்த டெஸ்டை நம்ப முடியல. சமீபத்துல எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா? ஆள் நிக்கறது தெரியாம போயிருக்கா?"

"போயிருக்கு டாக்டர்" என்று நாத்தனார் என்னைக் காட்டினாள். "இவங்களே நின்னாங்க. எனக்குத் தெரியல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்! வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை, மாடு மாதிரி ஆட்டினேன்.

அப்பாவுக்கும் இருந்தது, இப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது, அதனால் சொட்டு மருந்து இப்போதே ஆரம்பித்துவிடலாம், அடுத்த மாதம் மறுபடி டெஸ்ட் எடுக்கலாம், அதுவரை வண்டி ஓட்டுவதை யோசித்துச் செய்யுங்கள் என்றார்.

மே 22, வியாழன்

வேன் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

யாரிடமும் கேட்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போலக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இவர், "ஏம்மா அவசரப்பட்ட? டாக்டர் யோசிச்சுக்கங்கன்னுதானே சொன்னார்" என்று கேட்டதற்கு, "என்ன அண்ணா யோசிக்கறது? சொந்த அண்ணி நிக்கறதே தெரியாதவ, வேன் பின்னாடி வாண்டு நின்னா எப்படித் தெரியும்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. குழந்தைகள் ஒவ்வொன்றும் எந்த வாசலில் அழும், யாருக்குப் பை மாட்டிவிட வேண்டும் என்றெல்லாம் புது டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாளாம்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பாத்திரம் துலக்கப் போனேன். துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தேன்.

மே 25, ஞாயிறு

சைக்கிளுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். இன்னொரு பொய், ஆனால் இதில் யாருக்கும் சேதாரம் இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டு, கொஞ்சம் கேலி, முடிந்திருக்கும். இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் வாலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்திருக்கும். இன்றைக்குச் சொன்னால்? ஆஸ்பத்திரியில் தலையாட்டினாயே, அது என்ன என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டு நானேதான் இதை மலையாக்கி வைத்திருக்கிறேன். இவள் முகத்தில் முழிக்கவே பயமாக இருக்கிறது. கடையிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வருகிறேன்.

ராக்கெட்டின் முன்னால் அசடு வழியக் கூடாது. அதுக்காகவா இத்தனையும்? அந்த ராக்கெட் அன்னைலேர்ந்து எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல!

மே 27, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

நாத்தனார் மாடிப்படியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறாள். கைப்பிடியைத் தொடாமல், காலால் தடவித் தடவி. நான் பார்த்துவிட்டதும் சிரித்தாள். "இப்பவே பழகிக்கலாம்னு. அப்பா பழகாமதான் ரொம்பக் கஷ்டப்பட்டார்."

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என்ன ஜென்மம் நான்?

ஜூன் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்து கிடந்தது, அந்த மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நானே போட்டா கன்னத்துலதான் விழுது அண்ணி. நீங்க போட்டு விடுங்க." நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். நான் அவள் நெற்றியில் கையை வைத்தேன். இமையை விரித்தேன். கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கண். ஒன்றுமே இல்லாத நல்ல கண்ணில் நான் மருந்து ஊற்றப் போகிறேன்.

முடியவில்லை.

"நான் நிக்கல" என்றேன்.

"எங்க?"

"அந்த மூலைல. நான் நிக்கல. ராக்கெட் கூப்பிட்டா, போட்டோ எடுத்துக்கப் போயிட்டேன். நீ வந்தப்ப அங்க யாருமே இல்ல."

 தலை இன்னும் என் கையில்தான் இருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருமே இல்லையா?"

"இல்ல."

"இடது பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல."

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். காலண்டர், ஜன்னல், அலமாரி என்று ஒவ்வொன்றாக. அப்புறம் கையை மாற்றிப் பொத்திக்கொண்டு மறுபடி. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. நிஜமான சந்தோஷம், நான் பார்த்தேன். அது நின்றது கொஞ்ச நேரம்தான்.

"சாவியைக் குடுத்துட்டேனே" என்றாள்.

நான் ஏதோ உளறினேன். மன்னிச்சுடு, பயந்துட்டேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தீங்களே. கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களே."

மாடிக்குப் போய்விட்டாள். கதவை அறையவில்லை, சாத்தினாள். மருந்துப் புட்டி என் கையிலேயே இருந்தது. அதோடு கடைக்குப் போயிருக்கிறேன், மத்தியானம்தான் பார்த்தேன்.

ஜூன் 4, புதன்

இவரிடமும் நானே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவதான். நான் இல்ல. ஸ்கூல் படிச்சிட்டிருந்தா அப்போ" என்றார். "கண்ணுன்னா அவளுக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்ரோல் பங்க் பக்கத்தில் எல்லாரும் கூடுகிற இடத்துக்குப் போய்ச் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் மூக்கைச் சிந்த எனக்கு வராது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மூலையை விட்டுப் போனேன், பொய் சொன்னேன், வால் மேல் பழி விழவிட்டேன்.

ராக்கெட், "ஐயோ, இதுக்கா இவ்ளோ? சின்ன விஷயம் விடுங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் பத்திக்கொண்டு வந்தது. சின்ன விஷயமா? ஆனால் எந்த வாயால் கோபப்படுவது?

வால் ஹெல்மெட் வாரைக் கழற்றினார், மாட்டினார். "ரொட்டி கொண்டுவந்தேனேம்மா அன்னைக்கு" என்று மட்டும் சொன்னார். கேப்டன் மஞ்சள் சட்டையைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். என்னிடம் கேப்டன், "கொஞ்ச நாள் வர வேண்டாமே" என்றார், மரியாதையாகத்தான். நான் திரும்பி வந்தேன். வீடு வரைக்கும் மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். நாத்தனாருக்குத் தெரியாது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவங்க வேலை அவங்களுக்குத்தான் வச்சிருக்கோம். புது டிரைவரைப் பார்த்தாலே பசங்க அழுவுதுங்க. ஆனா டாக்டர்கிட்டேர்ந்து எழுதி வாங்கிட்டு வரட்டும். நீங்க சொல்றதை வச்சு நான் குழந்தைங்களை ஏத்த முடியாதுங்க." நியாயம்தான்.

ஜூன் 14, சனி

மாடியில் நாத்தனார் சமைத்துக்கொள்கிறாள். இவர் மேலே போய் அவளோடு சாப்பிட்டுவிட்டு வருகிறார். எனக்கும் ஒரு கிண்ணத்தில் குழம்பு வருகிறது, இவர் கையில். என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல, கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்துடச் சொன்னா" என்றார்.

ஜூன் 19, வியாழன்

இன்று மறு டெஸ்ட் என்று எனக்குத் தெரியும். கூட வரட்டுமா என்று கேட்க நேற்று படி வரை போனேன், கேட்காமல் இறங்கிவிட்டேன். காலையிலிருந்து கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு லென்சைத் தப்பான பிரேமில் மாட்டி முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். நான் உண்மையைச் சொன்ன அந்தக் காலைக்கப்புறம் என் எதிரில் வந்து நின்றது இப்போதுதான். கண் சிவப்பு போய்விட்டிருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"டெஸ்ட் நல்லா வந்திருக்கு" என்றாள். "சொட்டு மருந்து வேண்டாம்னுட்டார். எழுதியும் குடுத்துட்டார். நேரா பள்ளிக்கூடம் போறேன். நாளைக்கு காலைல முதல் டிரிப் நான்தான். அண்ணன் போனை எடுக்கல, பட்டறைல மோட்டருக்கு அடியில படுத்திருப்பார். நீங்க சொல்லிடுங்க."

அண்ணி என்று கூப்பிடவில்லை. நான் கவனித்தேன்.

"சொல்லிடறேன்மா."

அவள் போகவில்லை. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னதை அப்படியே சொல்லுவீங்கல்ல?"

 முதலாளியம்மா பக்கத்தில்தான் இருந்தார். நான் போனை எடுத்து இவருக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்துவிட்டார். "நீயே பேசு" என்று அவளிடம் நீட்டினேன்.

"இல்ல, நீங்க சொல்லுங்க. கேக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டர் மேல் வைத்தேன். டெஸ்ட் நல்லா வந்திருக்கு, மருந்து வேண்டாம், எழுதிக் குடுத்துட்டார், பள்ளிக்கூடம் போறா, நாளைக்கு முதல் டிரிப் அவதான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தப் பக்கம் இவர் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "நிஜமாவா? அவ சொன்னாளா, இல்ல நீயா சொல்றியா?" என்றார்.

 நான் ஏதாவது சொல்வதற்குள் நாத்தனார் கவுண்டர் மேல் குனிந்தாள்.

"நிஜம்தாண்ணா" என்றாள் போனைப் பார்த்து. "நான்தான் சொல்லச் சொன்னேன்."

பிறகு பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று தெருவை இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடியும் இடது பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.